குப்பைக்கு வாரிசு யார்? ‘குடும்பத் தொழில்’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு

சற்று நீண்ட பதிவு. ஆய்வேட்டின் எந்த இயலிலும் இடம் கிடைக்காமல் வெளியே நின்றுவிட்ட ஒரு கேள்வியை இங்கே எழுதி வைக்கிறேன். சமூக வரலாறும் சட்டமும் மொழியியலும் பயிலும் நண்பர்கள் வாசித்துத் திருத்தம் சொன்னால் மகிழ்வேன்.

அந்தமானில் வழங்கும் இந்துஸ்தானியில் தொழிற்பெயர்களைத் தொகுப்பதற்காகப் போர்ட் பிளேரில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். (2024 செப்டம்பர் முதல் அந்நகரின் அரசுப் பெயர் ஸ்ரீ விஜயபுரம். நான் பேசிய எவரும் அப்பெயரைச் சொல்லாததால் பழைய பெயரையே எழுதுகிறேன்.) ஒரு நாள் காலையில், ஒரே தெருவில், இருவரிடம் ஒரே கேள்வியைக் கேட்டேன்: “இந்தத் தொழிலுக்கு எப்படி வந்தீர்கள்?”

முதலாமவர் பழைய இரும்பும் காகிதமும் புட்டியும் எடை போட்டு வாங்கும் கடைக்காரர். தமிழர்; தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த குடும்பம். தராசைத் துடைத்துக்கொண்டே, “இது எங்க குடும்பத் தொழில் தம்பி. தாத்தா ஆரம்பிச்சாரு, அப்பா வளத்தாரு, இப்ப நான்” என்றார். குரலில் நிமிர்வு இருந்தது. இரண்டாமவர் அதே தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா; தெலுங்கும் தமிழும் கலந்து பேசுபவர். “எங்க மாமியார் செஞ்சாங்க, அவங்க மாமியார் செஞ்சாங்க. குடும்பத் தொழில்தான் தம்பி, வேற என்ன?” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

சொல் ஒன்றே. இருவருமே பிறர் கழித்ததைக் கையாள்பவர்கள். மூன்று தலைமுறைத் தொடர்ச்சியும் இருவருக்கும் பொது. ஆயினும் ஒருவர் அச்சொல்லால் தம் சொத்தைக் காட்டினார். மற்றவர் தம் நிலைமையைக் காட்டினார். பொருண்மையியல் வகுப்பில் இதைச் சூழல்சார் பொருள் வேறுபாடு என்று ஒரு வரியில் எழுதி மேலே சென்றுவிடலாம். அந்தச் சூழல் எவ்வாறு உருவானது என்பதை வரலாற்றிடம்தான் கேட்க வேண்டும்.

1. குவியல்

முதலில் ‘குப்பை’. இன்று கழிவு என்று பொருள்படும் இச்சொல்லுக்குப் பழந்தமிழில் குவியல் என்பதும் பொருள். நெல்லின் குவியலும் உப்பின் குவியலும் குப்பையே. சிற்றூர்களில் இன்றும் ‘குப்பை அடிப்பது’ என்றால் மாட்டு வண்டியிலோ டிராக்டரிலோ எருவை வயலுக்குக் கொண்டு சேர்ப்பது. குப்பைமேடு என்பது ஒரு வீட்டின் அடுத்த போகத்துக்கான முதலீடு. அடுத்த வீட்டுக்காரர் அதில் கைவைத்தால் பஞ்சாயத்து கூடும்.

இதைச் சொல்லக் காரணம், கழிவு எக்காலத்திலும் மதிப்பற்ற பொருளாக இருந்ததில்லை என்பதை நினைவூட்டுவதே. மதிப்புள்ள பொருளுக்கு உரிமையாளர் உண்டு. உரிமை உண்டெனில் வாரிசும் உண்டு. ‘குப்பை அள்ளும் குடும்பத் தொழில்’ என்பது முரண்தொடர் போல ஒலித்தாலும் உலகின் பல நகரங்களில் நெடுங்காலம் நடப்பில் இருந்த ஏற்பாடு. வட இந்தியாவில் அது எழுதப்பட்ட சட்டத்தின் துணையோடு நடந்தது.

2. விலங்காகிய சொத்து

பஞ்சாப், தில்லி, இன்றைய உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளின் பழைய நகரங்களில், ஒவ்வொரு துப்புரவுக் குடும்பத்துக்கும் குறிப்பிட்ட சில வீடுகள் உண்டு. அவ்வீடுகளின் உலர்கழிப்பிடத்தைச் சுத்தம் செய்வதும், அங்கிருந்து கிடைப்பதை உழவர்களுக்கு எருவாக விற்பதும் அக்குடும்பத்தின் வழக்குரிமை. அதற்கு ஈடாக வீட்டாரிடமிருந்து உணவும் பழந்துணியும் பண்டிகைக் காசும் கிடைக்கும். இவ்வுரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது, விற்கப்பட்டது, அடகு வைக்கப்பட்டது, பெண்ணுக்குச் சீதனமாகவும் கொடுக்கப்பட்டது. இத்தனை வீடுகள் என்று எண்ணிச் சீதனம் கொடுக்கும் குடும்பத்தை, வேறெந்தப் பொருளைக் கொண்டு சொன்னாலும் ‘சொத்துள்ள குடும்பம்’ என்றுதான் சொல்லுவோம்.

சட்டமும் இவ்வுரிமையை அறிந்திருந்தது. 1911ஆம் ஆண்டின் பஞ்சாப் நகராட்சிச் சட்டத்திலும் 1916ஆம் ஆண்டின் ஐக்கிய மாகாண நகராட்சிகள் சட்டத்திலும் ‘வழக்குரிமைத் துப்புரவாளர்’ என்பது ஒரு சட்டச் சொல். அச்சொல் எந்த இடத்தில் வருகிறது என்பதையே நான் வற்புறுத்த விரும்புகிறேன். வீட்டைச் சுத்தம் செய்யும் வழக்கத்தைக் கைக்கொண்டவர் அப்பணியைச் சரிவரச் செய்யாவிட்டால் அவருக்குத் தண்டம் விதிக்க வழிசெய்யும் பிரிவுகளில்தான் அது வருகிறது. சொத்துரிமைச் சட்டங்கள் பொதுவாக உரிமையாளரைப் பிறரிடமிருந்து காக்கும். இந்தச் சட்டம் பிறரை உரிமையாளரிடமிருந்து காத்தது. ஒரு நிலவுடைமையாளர் தம் நிலத்தைத் தரிசாகப் போட்டால் அவரைக் குற்றவியல் நடுவர் முன் நிறுத்துவதில்லை. இங்கே ‘உரிமை’ உள்ளவர் ஒரு வாரம் வராவிட்டால் அது குற்றம்.

தில்லியின் வால்மீகி சமூகத்தைப் பற்றிய விஜய் பிரசாத்தின் ‘அன்டச்சபிள் ஃப்ரீடம்’ (2000) என்னும் நூல் இதன் அடுத்த கட்டத்தை விவரிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகராட்சி நவீனமடையத் தொடங்கியபோது, எருவாக விற்கப்பட்ட கழிவின் மீதான பலனைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது; வேலையை மட்டும் அதே சமூகத்திடம் விட்டு, மேலே மேற்பார்வையாளர்களை நியமித்தது. வருமானம் பொதுவுடைமையாயிற்று, இழிவு பரம்பரைச் சொத்தாகவே தொடர்ந்தது. நவீனத்துவம் சாதியைக் கரைக்கும் என்ற எளிய நம்பிக்கைக்கு எதிரான சான்றாக இதனை மாணவர்கள் வாசிக்க வேண்டும். இங்கே நகராட்சி சாதியின் மீது ஊதியப் பட்டியலை வைத்துத் தைத்தது.

விடுதலைக்குப் பின் நடுவண் அரசு 1957இல் பேராசிரியர் என். ஆர். மல்கானி தலைமையில் துப்புரவாளர் நிலையை ஆராயும் குழுவை அமைத்தது. அதன் அறிக்கை 1960இல் வந்தது. வழக்குரிமையை ஒழிப்பது பற்றி ஆராய்வதற்கென்றே 1965இல் அவரது தலைமையில் மற்றொரு குழு அமைக்கப்பட்டது. சட்டம் இயற்றப்பட்ட நாட்டில், தீண்டாமை ஒழிக்கப்பட்டுப் பதினைந்து ஆண்டுகள் கடந்த பின்னர், இவ்வுரிமைக்கென ஒரு தனிக் குழு தேவைப்பட்டது என்பதே அதன் வலிமையைச் சொல்லும். சிக்கல் எளிதன்று. உரிமையை அப்படியே பறித்தால் வறிய குடும்பம் தன்னிடமிருந்த ஒரே ‘சொத்தை’ இழக்கும். விட்டுவைத்தால் அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறையும் அதிலேயே கட்டுண்டிருக்கும்.

3. தீவு

அந்தமானில் இத்தகைய வழக்குரிமை முளைப்பதற்கான மண்ணே இல்லை. 1789இல் ஆர்ச்சிபால்டு பிளேர் நிறுவிய முதற் குடியிருப்பு 1792இல் வடக்கே மாற்றப்பட்டு, நோயின் காரணமாக 1796இல் கைவிடப்பட்டது. 1857 எழுச்சிக்குப் பின், 1858 மார்ச் 10 அன்று மருத்துவர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளுடன் வந்திறங்கியபோது தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. முதல் முயற்சியே நோயால் அழிந்த இடத்தில், கழிவு அகற்றல் என்பது நிருவாகத்தின் உயிர்ப்பிரச்சினை. நிலம் அரசுடையது, வீடு அரசுடையது, உழைப்பும் அரசுடையது. வீட்டுக்காரருக்கும் துப்புரவுக் குடும்பத்துக்கும் இடையே தலைமுறைகளாக வளரும் கொடுக்கல் வாங்கல் உறவு அங்கே உருவாகியிருக்க வழியில்லை. யார் எதைச் செய்ய வேண்டும் என்பதைச் சிறை நிருவாகம் தீர்மானித்தது.

சிறை நிருவாகம் எதைக் கொண்டு தீர்மானித்தது? இந்தியச் சிறைக் கையேடுகளின் வரலாறு இதற்கு விடை தருகிறது. துப்புரவு வேலையை அத்தகைய வேலைக்குப் ‘பழக்கப்பட்ட’ வகுப்பாருக்கே ஒதுக்கும் விதிகள் காலனியக் காலத்தில் வேரூன்றி, விடுதலைக்குப் பின்னும் பல மாநிலக் கையேடுகளில் தொடர்ந்தன. 2024 அக்டோபர் 3 அன்றுதான் உச்ச நீதிமன்றம், இதழாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் அவ்விதிகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. சிறைப் பதிவேடுகளில் சாதிக்கென உள்ள பத்தியையும் நீக்க ஆணையிட்டது. இந்தச் ‘சாதிப் பத்தி’யை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கட்டுரையின் இறுதியில் அதனிடம் திரும்புவேன்.

அந்தமானின் சமூக வரலாற்றில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கூற்று உண்டு: கடலைக் கடந்தவர்களிடையே சாதி கரைந்தது என்பது. அதில் உண்மையும் உண்டு. நடத்தையால் தகுதி பெற்ற கைதிகள் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் தம் பிழைப்பைத் தாமே பார்த்துக்கொள்ளவும் மணம் செய்துகொள்ளவும் அனுமதிக்கப்பட்டனர். வெவ்வேறு மொழி, சமய, சாதிப் பின்னணியினர் மணந்து உருவான சமூகம் இன்று ‘லோக்கல் பார்ன்’ எனப்படுகிறது. அவர்களது பொதுமொழியாக இந்துஸ்தானி நிலைபெற்றதும் இவ்வாறே. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானிய ஆக்கிரமிப்போடு தண்டனைக் குடியேற்றமும் முடிவுக்கு வந்தது. அதன்பின் வங்க அகதிகளும், தெலுங்கரும், தமிழரும், பிறரும் வந்தனர். 2011 கணக்கெடுப்பின்படித் தீவுகளின் மக்கள்தொகை 3,80,581. அவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவரின் தாய்மொழி தமிழ்.

இனி ஒரு சட்ட உண்மை. அந்தமான் நிகோபார் தீவுகளுக்குப் பட்டியல் சாதிகளின் பட்டியல் கிடையாது. எந்தச் சாதியும் அங்கே பட்டியலிடப்படவில்லை. கணக்கெடுப்பில் அவ்விடத்தில் பூச்சியமே வரும். பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் உண்டு. பாந்துக்கள், மாப்பிள்ளைகள், கரேன்கள், 1942க்கு முற்பட்ட குடிகளின் வழியினர், வங்கத்திலிருந்து குடியேற்றப்பட்டோர் முதலானோர் அதில் அடங்குவர். ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதித் தகுதி குடிபெயர்பவரோடு மற்றொரு மாநிலத்துக்குப் பெயர்ந்து செல்லாது என்பதை 1990இல் மரி சந்திரசேகர ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்னிடம் பேசிய அம்மாவின் நிலை விளங்கும். பெருநிலத்திலிருந்து அவரது குடும்பம் கொண்டுவந்தவை இரண்டு: வேலை, அந்த வேலையைத் தந்த சாதி. வேலையைத் தீவு ஏற்றுக்கொண்டது. சாதியைத் தீவின் ஆவணம் ஏற்கவில்லை. வட இந்தியத் துப்புரவாளருக்கு வழக்குரிமை என்ற கோணலான சொத்தாவது இருந்தது. தமிழ்நாட்டுத் துப்புரவாளரின் பிள்ளைக்கு இடஒதுக்கீடு என்ற ஏணியாவது இருக்கிறது. தீவில் பிறந்த துப்புரவாளரின் பிள்ளைக்கு அவ்வேலை மட்டுமே மரபுரிமையாக வந்து சேர்கிறது. சாதி அழிந்த தீவு என்று நாம் பெருமையாகச் சொல்லும்போது இந்தக் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

4. காயலான் கடை

இனி முதலாமவரின் தராசுக்கு வருவோம். சென்னைத் தமிழில் பழம்பொருள் கடைக்குக் ‘காயலான் கடை’ என்று பெயர். காயல்பட்டினத்து வணிகர்களோடு இச்சொல்லை இணைத்துக் காட்டுவது வழக்கம். ஊர்ப்பெயர் ஆட்பெயராகி, ஆட்பெயர் தொழிற்பெயராகி, கடைசியில் ஓட்டை உடைசல் எதையும் ‘காயலாங்கடைச் சாமான்’ என்று சொல்லும் அளவுக்குப் பொருள் விரிந்திருக்கிறது. போர்ட் பிளேரில் பொதுமொழி இந்துஸ்தானி ஆகையால் அவரை எல்லோரும் ‘கபாடி’ என்றே அழைக்கிறார்கள். தமிழ் வாடிக்கையாளர் வந்தால் மட்டும் காயலான் கடை திரும்பி வருகிறது.

இத்தொழிலின் இயக்கத்தைத் தீவு தெளிவாக வெளிக்காட்டுகிறது. தீவில் இரும்பாலை இல்லை; கண்ணாடி உலை இல்லை. உப்பு முதல் சிமென்ட் வரை சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலில் வருகின்றன. வந்த பொருளின் மிச்சம் ஒன்று தீவிலேயே தங்கும், அல்லது அதே கடல்வழியே திரும்பும். திரும்புவதற்குக் கப்பல் கூலி உண்டு. ஆகவே கடைக்காரர் ஒவ்வொரு பொருளிடமும் கேட்கும் கேள்வி ஒன்றே: உன் விலை உன் கப்பல் கூலியைத் தாங்குமா? செம்பும் அலுமினியமும் எளிதாகத் தாங்கும். இரும்பு தாங்கும். அட்டை, விலையைப் பொறுத்தது. கண்ணாடிப் புட்டி எடை மிகுந்தது, விலை குறைந்தது. திண்பண்ட உறையோ எடையும் இல்லை, விலையும் இல்லை. தராசில் தேறாத பொருள் துடைப்பத்தின் முன் போய்ச் சேரும். அங்கிருந்து நகரின் குப்பைக் கிடங்கான புரூக்ஷாபாதுக்குச் செல்லும்.

ஆக, அந்தத் தெருவில் நான் கண்ட இருவரும் ஒரே பொருளோட்டத்தின் இரு முனைகளில் நிற்பவர்கள். விலையுள்ளது கடைக்காரரிடம் நிற்கிறது. விலையற்றது அந்த அம்மாவிடம் வருகிறது. கடைக்காரர் தம் சரக்கைத் தேர்ந்தெடுக்கிறார். அம்மாவுக்குத் தேர்வு இல்லை. கடைக்காரரின் உழைப்பையும் இடரையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. துருப்பிடித்த தகட்டில் கை கிழியாத நாள் அவருக்கும் குறைவுதான். ஆனால் இரவு கடையை மூடும்போது அவரிடம் எடை போட்ட சரக்கு இருக்கிறது. கடையின் உரிமம் இருக்கிறது. வேண்டுமானால் இரண்டையும் விற்றுவிட்டுச் செல்லலாம். மகன் பொறியியல் படிக்க விரும்பினால் வருத்தத்தோடு ஒப்புக்கொள்ளலாம்.

5. கடலுக்கு அப்பால் இரண்டு நகரங்கள்

பரம்பரை என்பதே சிக்கலா, அல்லது பரம்பரையோடு ஒட்டிவரும் வேறெதுவுமா என்பதைச் சோதிக்க இரண்டு ஒப்பீடுகள் உதவும்.

சான் பிரான்சிஸ்கோவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குப்பை அள்ளியவர்கள் பெரும்பாலும் இத்தாலியிலிருந்து, குறிப்பாக ஜெனோவாவைச் சூழ்ந்த பகுதியிலிருந்து குடியேறிய குடும்பத்தினர். வண்டிக்கு வண்டி தெருச் சண்டை. 1920களின் தொடக்கத்தில் அவர்கள் சன்செட் ஸ்கேவஞ்சர் போன்ற நிறுவனங்களாகத் திரண்டனர். வண்டியில் உழைப்பவரே பங்குதாரர். பங்கு தந்தையிடமிருந்து மகனுக்கும் மருமகனுக்கும் சென்றது. 1932இல் நகரச் சட்டம் சேகரிப்புத் தடங்களை உரிமமாக்கியது. அந்நிறுவனங்களின் வழிவந்த ரிக்காலஜி இன்று பணியாளர்களுக்கே உடைமையான பெரிய நிறுவனம். தில்லியில் வீடுகளின் மீதான உரிமை மனிதரைக் கட்டியது; சான் பிரான்சிஸ்கோவில் தெருக்களின் மீதான உரிமை பங்காகி, காசாகி, பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியது. அங்கே வேலையை விட்டுச் செல்வது குற்றமாக இருக்கவில்லை. அவ்வேலையைச் செய்ததற்காகக் கிணற்றில் நீரெடுக்க எவரும் தடுக்கவில்லை.

ஆனால் அக்கதைக்கும் மறுபக்கம் உண்டு. வளைகுடாவின் எதிர்க்கரையில் இருந்த ஓக்லாந்து ஸ்கேவஞ்சர் நிறுவனத்தில் பங்குதாரர் அனைவரும் இத்தாலிய வழியினர். நல்ல ஊதியமும் நல்ல வேலை நேரமும் அவர்களுக்கே. கறுப்பினத்தவரும் ஸ்பானிய வழியினரும் கூலிகளாகவே இருந்தனர். அவர்கள் தொடுத்த போனில்லா வழக்கில் 1982இல் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், குடும்பச் சலுகை என்ற காரணம் இனப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டத்தைத் தாண்டிவிடாது என்று கூறியது. குடும்பத் தொழில் உள்ளிருப்பவருக்குக் கோட்டையாக இருக்கையிலேயே வெளியிலிருப்பவருக்கு மதிலாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல சான்று.

கெய்ரோவில் இவ்விரண்டும் ஒரே நகரில் அடுக்காக அமைந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாக்லா பாலைவனச் சோலையிலிருந்து வந்த ‘வாஹிய்யா’க்கள் கட்டட உரிமையாளர்களிடம் சேகரிப்பு உரிமையைப் பெற்றனர். பின்னர், 1940கள் வாக்கில் மேல் எகிப்திலிருந்து வந்த காப்திய கிறித்தவரான ‘ஸப்பாலீன்’கள் உண்மையில் குப்பையை அள்ளித் தரம்பிரித்து, உணவுக் கழிவைப் பன்றிகளுக்கு இட்டனர். உரிமை ஒரு குழுவிடம், கை மற்றொரு குழுவிடம். 2003இல் நகர அரசு ஸ்பானிய, இத்தாலிய நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் அளித்தபோது யாரும் ஸப்பாலீன்களைக் கேட்கவில்லை. 2009இல் பன்றிக் காய்ச்சல் அச்சத்தில் நாட்டின் பன்றிகள் கொல்லப்பட்டன. உணவுக் கழிவு தெருக்களில் தேங்கியது. எந்த ஏட்டிலும் எழுதப்படாத ஒரு குடும்பத் தொழில் எவ்வளவு வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பதை நகரம் அன்று மூக்கால் அறிந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில் என் முடிவு இது: குடும்பத் தொழில் சொத்தாவதும் விலங்காவதும் மூன்று கேள்விகளுக்கான விடையைப் பொறுத்தவை. விட்டுச் செல்ல முடியுமா? விற்றால் விலை உண்டா? வெளியார் உள்ளே வர விரும்புவார்களா? கடைக்காரருக்கு மூன்றுக்கும் விடை ‘ஆம்’. அந்த அம்மாவுக்கு மூன்றுக்கும் ‘இல்லை’.

6. தமிழில் மூன்று சொற்கள்

தமிழில் நாம் குடும்பத் தொழில், பரம்பரைத் தொழில், குலத்தொழில் என்று மூன்று சொற்களை வைத்திருக்கிறோம். 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தை எதிர்த்தவர்கள் அதற்குக் ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயரிட்டனர். அப்பெயரே அத்திட்டத்தை வீழ்த்தியதில் பாதி வேலையைச் செய்தது. 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் ‘குலத்தொழில்’ தமிழ்ப் பொதுவெளியில் பெருமையாகச் சொல்ல இயலாத சொல்லாகிவிட்டது. அந்த இடத்தில் ‘குடும்பத் தொழில்’ வந்து அமர்ந்துகொண்டது. நன்னூல் சொல்லும் இடக்கரடக்கல் இதுவே. அவையில் சொல்லத் தகாததை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. தோட்டி துப்புரவுப் பணியாளராகி, துப்புரவுப் பணியாளர் தூய்மைப் பணியாளராகியிருக்கிறார். துப்புரவு என்பதற்கும் தூய்மை என்றுதான் பொருள். ஆகவே சொல்லில் ஒட்டிய கறை பொருளிலிருந்து வந்ததன்று. அவ்வேலையின் சமூக இடத்திலிருந்து வந்தது. வடக்கிலும் இதே கதை. பாரசீகத்தில் ‘மேன்மையானவர்’ என்று பொருள்படும் மேஹ்தர் துப்புரவாளரைக் குறிக்கலாயிற்று. ‘ஹலால்கோர்’ என்னும் பெயரை வழக்குக்குக் கொண்டுவந்தவர் அக்பர் என்கிறது அயினி அக்பரி. நானூறு ஆண்டுகளாகப் பெயர் மாறிக்கொண்டே இருக்கிறது, துடைப்பம் கைமாறவில்லை.

2023இல் தொடங்கப்பட்ட விஸ்வகர்மா திட்டம் 18 மரபுத் தொழில்களைப் பட்டியலிட்டது. குடும்பம் வழிவழியாக அத்தொழிலைச் செய்திருக்க வேண்டும் என்னும் நிபந்தனையைத் தமிழ்நாடு அரசு எதிர்த்தது. அந்தப் பட்டியலில் துடைப்பம் செய்வோர் உண்டு. துடைப்பத்தால் பெருக்குவோர் இல்லை. எந்தப் பரம்பரையைப் பாரம்பரியம் என்று அழைப்பது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அரசு அறிந்தே இருக்கிறது.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் அமர்ந்து போராடினர். தம் மண்டலங்களைத் தனியாரிடம் ஒப்படைக்கக் கூடாது, பணியை நிரந்தரமாக்க வேண்டும் என்பவை அவர்களின் கோரிக்கைகள். அப்போது ஒரு கேள்வி எழுந்தது: பணி நிரந்தரம் கேட்பது குலத்தொழிலை நிரந்தரமாக்குவது ஆகாதா? மேற்சொன்ன மூன்று கேள்விகளை வைத்து இதற்கு விடை தேடலாம். ஒப்பந்தக் கூலிக்கும் அந்த வேலைதான், நிரந்தரப் பணியாளருக்கும் அந்த வேலைதான். ஆனால் நிரந்தர ஊதியம் இருந்தால் பிள்ளைக்குக் கல்விக் கட்டணம் கட்டலாம். பிள்ளை வேறு வேலைக்குப் போகலாம். வேலையை இழிவாக வைத்திருப்பதன் மூலம் மக்களை அதிலிருந்து விடுவிக்க இயலாது. ஊதியம் உயர்ந்து இழிவு நீங்கினால் வெளியாரும் அவ்வேலைக்கு வருவர். அன்றுதான் அது குலத்திடமிருந்து விடுபடும். புனேயில் குப்பை பொறுக்குவோர் 1993இல் சங்கம் அமைத்து, பின்னர் ‘ஸ்வச்’ கூட்டுறவாக வளர்ந்து, வீடுவீடாகச் சேகரிக்கும் பணியையும் உலர்கழிவை விற்கும் உரிமையையும் தாமே பெற்றனர். தராசும் துடைப்பமும் அங்கே ஒரே கையில் சேர்ந்தன.

7. பத்தி

இறுதியாக ஒரு தீர்ப்பு. 1895ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம், கிராமப் பதவிகளை முன்னிருந்தவரின் குடும்பத்துக்கே அளித்தது. 1960 டிசம்பரில் கஜுலா தசரதராம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதன் உரிய பிரிவைச் செல்லாததாக்கியது. அரசியலமைப்பின் 16(2)ஆம் உறுப்பில் சமயம், இனம், சாதி ஆகியவற்றோடு ‘மரபுவழி’ என்ற சொல்லும் இருப்பதே அதற்கு அடிப்படை. அவ்வழக்கில் பேசப்பட்டது கிராம முன்சீப் பதவி. எல்லோரும் விரும்பிய பதவியின் மீதான பரம்பரை உரிமை 1960இல் உடைந்தது. யாரும் விரும்பாத சிறைத் துப்புரவின் மீதான பரம்பரைக் கடமை உடைய 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட 64 ஆண்டுகள் என்னை உறுத்துகின்றன.

தீவை விட்டுக் கிளம்புவதற்கு முன் அந்த அம்மாவை மீண்டும் பார்த்தேன். மகள் கல்லூரியில் சேர விண்ணப்பம் நிரப்புகிறாள் என்றார். தாயின் தொழில் என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று அவள் கேட்டாளாம்.

“என்ன சொன்னீங்க?”

“இருக்கறத எழுதுடின்னேன். இது என்னோட தொழில்னு எழுது. நம்ம குடும்பத்தோடதுன்னு எழுதாத.”

என் தொகுப்பில் ‘குடும்பத் தொழில்’ என்னும் பதிவுக்கு நேரே இரண்டு பொருள்களை எழுதியிருந்தேன். அன்றிரவு மூன்றாவதாக அவர் சொன்னதையும் எழுதிவைத்தேன்.